நாளைக்கு என்றால் இல்லை என்று அர்த்தம்

ஏதோ ஒரு பழைய ரசீதைத் தேடித்தான் அம்மாவின் அலமாரியைத் திறந்தேன். அடித்தட்டில் ஒரு ஷூ பெட்டி. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவள் பிறந்தநாளுக்கு, "நாளையிலிருந்து நடக்கணும், சரியா?" என்று சொல்லி நான் கொடுத்த பெட்டி. திறந்தால் உள்ளே மின்கட்டண ரசீதுகள், ஒரு கத்தரிக்கோல், நூல்கண்டு, அறுந்த பொத்தான்களைப் போட்டு வைத்த மாத்திரை டப்பா. ஷூக்கள் பெட்டிக்குப் பின்னால், கடையில் சுற்றிக் கொடுத்த அதே மெல்லிய தாளோடு கிடந்தன. அடிப்பாகத்தில் ஒரு மண் துகள் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் மாற வேண்டியிருந்தது முதலில் நான்தான்.

அம்மாவுக்கு அப்போது 64 வயது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 6.2 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய படி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். அதாவது வாசலில் நிற்கிறாள், உள்ளே போகவில்லை. மருத்துவர் "கொஞ்சம் எடையைக் குறையுங்கள், தினமும் நடங்கள்" என்றார். அம்மா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, அப்பாவுக்கு டீ போடப் போய்விட்டாள்.

நானோ அன்று இரவே ஆராய்ச்சியில் இறங்கினேன். அமெரிக்காவில் சர்க்கரை நோய்த் தடுப்புக்காக மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற பயிற்சி செய்வதை இலக்காக வைத்த குழுவில், நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட குழுவில் 31 சதவீதம்தான். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நடையும் எடைக் குறைப்பும் இன்னும் நன்றாகவே, 71 சதவீதம் அளவுக்கு, வேலை செய்தன. படித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைவிட என்ன வேண்டும்? காலையில் எழுந்ததும் அம்மாவிடம் சதவீதம் சதவீதமாக எடுத்து விட்டேன். பொறுமையாகக் கேட்டாள். "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள்.

எங்கள் வீட்டில் நாளைக்கு என்றால் இல்லை என்று அர்த்தம். அம்மா யாரிடமும் நேராக முடியாது என்று சொல்லிப் பழகாதவள். அதனால் அவளுடைய எல்லா மறுப்புகளும் நாளைக்குள்தான் ஒளிந்திருக்கும். இது எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். தெரிந்தும் அதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொண்டு, மறுநாள் "ஏன் போகலை?" என்று கேட்பது என் வழக்கம்.

அடுத்த ஆறு மாதம் நான் செய்யாதது எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில் தினம் ஒரு காணொளி அனுப்பினேன். குளிர்சாதனப் பெட்டியில் அட்டவணை ஒட்டினேன். காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டு, பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்தேன். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் படித்தேன். 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள், அந்த எண் அப்படியே உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவு செய்த எண் இல்லை அது. சராசரியாக 72 வயதுள்ள பெண்களை வைத்து 2019-ல் வந்த ஒரு ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி மட்டும் நடந்தவர்களைவிட இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. நான் என்னடாவென்றால், வீட்டுக்குள் இரண்டாயிரம் அடி நடப்பவளிடம் ராத்திரி ஒன்பது மணிக்கு "இன்னும் எட்டாயிரம் பாக்கி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் கடிகாரத்துக்குச் சார்ஜ் போடுவது அம்மாவுக்கு மறந்துபோனது. அப்படித்தான் சொன்னாள்.

பயமுறுத்தியும் பார்த்தேன். கண் போகும், கால் போகும் என்றெல்லாம். என் தம்பி வெளியூரிலிருந்து போனில் கத்துவான். இரண்டு பேரும் சேர்ந்து அவளை ஒரு குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டோம். ஜாக் பிரேம் என்ற உளவியலாளர் 1966-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்: தன் விருப்பத்தில் யாரோ கை வைக்கிறார்கள் என்று தோன்றினால் மனிதர்கள், அந்த யோசனை நல்லதாகவே இருந்தாலும், எதிர்த்திசையில் தள்ளுவார்கள். அம்மா சத்தம் போடவில்லை, அவ்வளவுதான். அவள் தள்ளியது வேறு விதம். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் வேலைகளை அதிகமாக்கிக்கொண்டாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள் என்றால் நம்புவீர்களா?

திருப்பம் நடந்தது ஒரு கார்ப் பயணத்தில். உறவினர் வீட்டுக்கு ஐந்து மணி நேரப் பயணம். கிளம்பும்போது ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். போய் இறங்கிப் பைகளை எடுத்து வைக்கும்போது பார்த்தால் அம்மாவின் பாட்டில் மூடிவரை நிறைந்தபடி இருந்தது. சீல்கூட உடையவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"ஏம்மா தண்ணியே குடிக்கலை?"

"தாகமே எடுக்கலைடி."

அந்த வெயிலில் யாருக்குத் தாகம் எடுக்காது? அன்றைக்கு நான் அதைத் தாண்டி யோசிக்கவில்லை. ஆனால் அந்த நிறைந்த பாட்டில் எங்கோ மனதில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் கழித்து என் ஆறு வயதுப் பையன் ஏதோ கோமாளித்தனம் செய்ய, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கால்களை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சிரிப்பு பாதியில் நிற்க, எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது புடவை மாற்றியிருந்தாள்.

நானும் ஒரு பிள்ளை பெற்றவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உடனே கேட்கவில்லை. நான் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. எதிரெதிரே உட்கார்ந்து "உன்கிட்ட ஒண்ணு பேசணும்" என்று ஆரம்பித்தால் அம்மா ஓடிவிடுவாள். அன்று இரவு துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேர் கையிலும் வேலை, இரண்டு பேர் கண்ணும் துணியில். என்னைப் பற்றித்தான் ஆரம்பித்தேன்: "இவன் பிறந்தப்புறம் எனக்குத் தும்மினா ஒரு மாதிரி ஆகும்மா. ஒரு வருஷம்போல இருந்துச்சு. உனக்கு அப்படி இருக்கா?"

அம்மா ஒரு துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"உன் தம்பி பிறந்ததுல இருந்தே."

என் தம்பிக்கு 34 வயது.

முப்பத்துநான்கு வருடம். வேகமாக நடந்தால், தும்மினால், சிரித்தால், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினால் சிறுநீர் கசியும். அதனால் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். கழிப்பறை இல்லாத இடத்துக்குப் போகமாட்டாள். நான் ஆசையாகக் காட்டிய அந்தப் பூங்காவில் கழிப்பறை எப்போதும் பூட்டியே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. "சொல்றதுக்கு என்ன இருக்கு? பிள்ளை பெத்தா இப்படித்தான்னு நினைச்சேன்" என்றாள். நான் "நட, நட" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவள் காதில் விழுந்தது வேறு ஒன்று.

இதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பேரைப் போடாதே. மத்தபடி எழுது. எத்தனை பேர் இருக்காங்களோ" என்றாள்.

அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடுப்பெலும்பின் அடியில் ஒரு தொட்டில் மாதிரி விரிந்திருக்கும் தசைகளை இடுப்புத்தளத் தசைகள் என்கிறார்கள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். பிரசவத்தில் அது இழுபட்டுத் தளரும், மாதவிடாய் நின்றபின் இன்னும் தளரும், உடல் எடை கூடினால் மேலிருந்து அழுத்தமும் கூடும். அப்புறம் இருமினாலோ தும்மினாலோ வயிற்றுக்குள் ஏறும் அழுத்தத்தை அதனால் தடுத்து நிறுத்த முடிவதில்லை. பிரசவித்தவர்களுக்கு இது சர்வ சாதாரணம். ஆனால் சாதாரணம் என்பதற்காகச் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. அந்தத் தசைக்கான பயிற்சியை ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் 1948-லேயே எழுதிவிட்டார். அதாவது, அம்மா பிறப்பதற்கு முன்பே வழி இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். நான் வெளியே உட்கார்ந்துகொண்டேன், அம்மா தனியாகப் போனாள். பெற்றோரை மருத்துவரிடம் கூட்டிப் போகும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் மிகவும் கடினமான வேலை, அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதுதான். அவர் முதலில் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார், சர்க்கரையால் சிறுநீர் அதிகம் போகிறதா என்று பார்த்தார், கருப்பை இறங்கியிருக்கிறதா என்று பரிசோதித்தார். அதன் பிறகு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

பயிற்சி என்னவென்றால், சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல் உள்பக்கமாக மேலே இழுத்துப் பிடித்து, சில நொடிகள் வைத்திருந்து, முழுசாகத் தளர்த்துவது. ஒரு வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். எழுத்தில் இவ்வளவுதான். ஆனால் அம்மா முதல் இரண்டு வாரம் செய்தது முழுக்கத் தப்பு. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிட்டத்தையும் தொடையையும் இறுக்கிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபிஸ்ட் பார்த்துத் திருத்தினார்: மூச்சு சாதாரணமாகப் போக வேண்டும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகுவது கூடாது என்றும் சொன்னார். இந்தத் தசையை எழுத்தில் படித்துத் தனியாகப் பழகுவதைவிட ஒருமுறையாவது ஒருவரிடம் காட்டிக் கற்றுக்கொள்வது நல்லது என்று எனக்குப் பட்டது அதனால்தான்.

இன்னொரு சின்ன வித்தை சொல்லிக் கொடுத்தார். தும்மலோ இருமலோ வரும் என்று தெரிந்த அந்த நொடியில், அது வருவதற்கு முன்பே தசையை இறுக்கிக்கொள்வது. அம்மாவுக்கு மூன்று மாதப் பயிற்சியைவிட இதுதான் உடனே பிடித்தது. ஏனென்றால் இது அன்றைக்கே வேலை செய்தது.

தண்ணீர் விஷயத்திலும் அவள் நினைத்திருந்தது தலைகீழ். குறைவாகக் குடித்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை இன்னும் உறுத்தும், அவசரம் அதிகமாகும். மலச்சிக்கலும் வரும், முக்க முக்க அதே தசை இன்னும் தளரும். தாராளமாகக் குடிக்கச் சொன்னார்கள், படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் குறைத்துக்கொண்டு. டீ, காபியைக் குறைக்கவும் சொன்னார்கள். அதில் அம்மா இன்றுவரை பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

சரி, இனி நடை. காரணம் தெரிந்துவிட்டது, மருத்துவமும் ஆரம்பித்துவிட்டது, இனி அம்மா சிட்டாகப் பறப்பாள் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு. தடையை எடுத்துவிட்டால் மட்டும் போதாது, நடக்க அவளுக்கென்று ஒரு காரணமும் வேண்டியிருந்தது. என் காரணம் சர்க்கரை. அது என் காரணம்.

குடிப்பழக்கம் உள்ளவர்களோடு எப்படிப் பேசுவது என்று வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-ல் ஒரு முறையை எழுதினார், பிற்பாடு ஸ்டீபன் ரோல்னிக் என்பவரோடு சேர்ந்து வளர்த்தார். அதன் சாரம் எனக்குப் புரிந்த அளவில் இது: தயங்குகிற ஒருவர் மனதில் இரண்டு பக்கமும் ஏற்கெனவே இருக்கும். நாம் 'செய்' என்ற பக்கத்தை எடுத்துக்கொண்டு பேசினால், அவருக்கு மிச்சம் இருப்பது 'வேண்டாம்' என்ற பக்கம் மட்டும்தான். அதைத்தான் அவர் பேசுவார், பேசப் பேச அதுவே உறுதியாகும். ஆகவே செய்வதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல விட வேண்டும். அதற்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள், கேட்கச் சின்னதாக இருக்கும். நான் கேட்டேன்.

"அம்மா, பத்துக்கு எவ்வளவு? கொஞ்சம் உடம்பைத் தேத்திக்கணும்னு உனக்கு எவ்வளவு தோணுது?"

"ஒரு நாலு."

பழைய நானாக இருந்தால் "நாலுதானா?" என்று ஆரம்பித்திருப்பேன். அதற்குப் பதிலாக, "ஏன் ஒண்ணு இல்லை? நாலுவரைக்கும் எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனம் அரை நிமிடம் இருந்திருக்கும், எனக்கு அது அரை மணி நேரம்.

"தரையில உட்கார்ந்தா எழுந்திருக்க உன் பையன் கையைப் பிடிக்கிறேன்" என்றாள். "அவனும் இழுத்து விடறான். ஆனா ஒருநாள் நான் சாய்ஞ்சா அவன் மேலதான் விழுவேன். சின்னப் பிள்ளை, தாங்க மாட்டான்."

சர்க்கரை இல்லை, கண் இல்லை, கால் இல்லை, 58 சதவீதம் இல்லை. பேரன் மேல் விழக் கூடாது. அவ்வளவுதான் அவள் வேண்டுதல். அதற்கு நடையைவிட முதலில் தேவை தொடையில் பலம்.

அதனால் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தோம். முதியவர்களின் கால் பலத்தைப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரில் முட்டி வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 60 முதல் 64 வயதுள்ள பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு என்று கணக்கு. பையன்தான் கடிகாரம் பிடித்தான். முதலில் நான் செய்தேன், 17. மூச்சு வாங்கியது, அதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பிறகு அவள் செய்தாள். 8. எட்டாவதுக்கு அப்புறம் கையைத் தொடையில் ஊன்றிவிட்டாள், பையன் "அது செல்லாது பாட்டி" என்றான். நானாக இருந்தால் "பரவாயில்லை, ரொம்ப நல்லா செஞ்ச" என்று பொய் சொல்லியிருப்பேன். அவன் நேர்மைதான் வேலை செய்தது.

தினமும் பல் தேய்த்த கையோடு ஐந்து முறை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து முறை. முதலில் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்தி, பழகியதும் எடுத்துவிட்டோம். ஏற்கெனவே இருக்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுவதுதான் சூட்சுமம், 'காலை ஆறு மணி' என்று கடிகாரத்தோடு கட்டினால் அது நாளைக்காகிவிடும். வயதானபின் தசை வளருமா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. 1990-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், பராமரிப்பு இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்கள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் கால் பலம் இரு மடங்குக்கும் மேல் ஆனது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்கும் அதற்குள் பழகியிருந்தேன்.

நடை ஆரம்பித்தது இன்னும் ஆறு வாரம் கழித்து. ஷூவை எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு அளவு சின்னது. "முதல் நாளே போட்டுப் பார்த்தேன். ஆசையா வாங்கியிருக்கே, எப்படிச் சொல்றதுன்னு..." என்றாள். என் கோபத்துக்குக் காரணமான ஷூவை நான்தான் தப்பாக வாங்கியிருக்கிறேன். கால் அளவைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, ஆச்சரியப்படுத்த வேண்டும் என்ற அவசரம்.

முதல் நடை ஆறு நிமிடம், வீட்டிலிருந்து தெருமுனைவரை. அதற்கு மேல் போகவில்லை, ஏனென்றால் அவசரம் என்றால் திரும்ப மூன்று நிமிடம்தான். இந்தக் கணக்கு அவள் போட்டது. கழிப்பறையை மையமாக வைத்து, கயிறு கட்டிய கன்றுபோல் வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினாள். சில வாரங்கள் கசிவை உறிஞ்சும் பட்டையும் வைத்துக்கொண்டாள், மாதவிடாய்க்கானது இல்லை, இதற்கென்றே தனியாகக் கிடைக்கிறது. 34 வருடமாகத் துணியை மடித்து வைத்துச் சமாளித்தவளுக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே புதுச் செய்தி. பத்து நிமிடத்துக்குக் குறைவாக நடந்தால் கணக்கில் வராது என்று முன்பு ஒரு விதி இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அதை எடுத்துவிட்டார்கள், எவ்வளவு சின்ன நடையும் வாரத்தின் 150 நிமிடத்தில் சேரும். ஆறு நிமிடக்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். வேகத்துக்கு எளிய அளவு, நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இரண்டாவது வாரமே என்னைக் கழற்றிவிட்டாள். "நீ வேகமா போறே, பேசிக்கிட்டே வேற வர்றே" என்றாள். பேசுவது என்றால் அறிவுரை. பக்கத்து வீட்டு அம்மாளோடு போக ஆரம்பித்தாள், அவர் இவளைவிட மெதுவாக நடப்பார், வம்பு நிறையப் பேசுவார். எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆறு மாதம் நாயாய்க் கத்தியது நான், பலனை அனுபவிப்பது பக்கத்து வீட்டு அம்மாள்.

நேர்கோடாகப் போயிற்று என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது மாதக் கடைசியில் சளி பிடித்து இரண்டு வாரம் இருமல். விடாத இருமலில் கசிவு பழையபடி வந்துவிட்டது. "அவ்வளவுதான், எல்லாம் போச்சு" என்று படுத்துவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு விடறியே" என்று பழைய பாட்டையே பாடினேன். மறுநாள் அவளிடமிருந்து வந்த பதில்: "சரி, நாளைக்கு." அப்போதுதான் சுதாரித்தேன். மன்னிப்புக் கேட்டேன். பத்து நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இருமல் நின்றது, பதினோராவது நாள் கதவு சாத்தும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். போய்க்கொண்டிருந்தாள்.

ஒரு வருடம் ஆகப் போகிறது. நாற்காலிச் சோதனையில் 13. ஹெச்பிஏ1சி 5.9, இன்னும் வாசல்தான், ஆனால் வெளிப்பக்கமாக நகர்ந்திருக்கிறாள். கசிவு முழுசாக நிற்கவில்லை, வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் கனமாக எதையாவது தூக்கினால். தரையிலிருந்து எழுவதற்குப் பேரன் கை தேவைப்படுவதில்லை, கை நீட்டினால் சும்மா பிடித்துக்கொள்கிறாள்.

உங்கள் வீட்டில் அடம்பிடிப்பது அப்பாவாக இருக்கலாம், காரணமும் வேறாக இருக்கலாம். ஆனால் 'சோம்பேறித்தனம்' என்று முடிவு கட்டுவதற்கு முன் சில இடங்களைத் தட்டிப் பாருங்கள். புராஸ்டேட் வீக்கத்தால் ஆண்களுக்கும் இதே கழிப்பறைக் கணக்கு உண்டு. கால் ஆணி, வளைந்து வளர்ந்த நகம், குனிந்து வெட்ட முடியாமல் விட்டது, இவை ஒருவரை வீட்டோடு கட்டிப்போடும். கண்புரை இருந்தால் மங்கிய வெளிச்சத்தில் படி தெரியாது, விழுந்துவிடுவோம் என்ற பயத்தை யாரும் பயம் என்று சொல்வதில்லை, "எனக்கு நடக்கிறதே பிடிக்காது" என்றுதான் சொல்வார்கள். காது மந்தமானவர் பின்னால் வரும் வண்டிக்குப் பயந்து தெருவுக்கே போகமாட்டார். மூட்டுவலிக்காரர், நடந்தால் மூட்டு தேய்ந்துபோகும் என்று நம்பிக்கொண்டிருப்பார். உண்மையில் அளவான பயிற்சியும் தொடைத் தசையின் பலமும் மூட்டுத் தேய்மானத்துக்கான முதல் வைத்தியத்திலேயே வருபவை. ஓய்வுபெற்றபின் தெருவில் சும்மா நடப்பதே வெட்கமாக இருக்கும் சிலருக்கு, அவர்களுக்கு ஒரு வேலை வேண்டும், போய் வாங்கி வர ஒரு பொருளாவது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், எந்தப் பேச்சுவார்த்தையும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போய், சிறுநீர் கட்டுப்பாடு திடீரென்று போனால் அது அவசர சிகிச்சைக்கான அறிகுறி. இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

போன மாதம் பிசியோதெரபிஸ்ட் கை, தோள் பயிற்சிக்கென்று ஒரு ரப்பர் பட்டை கொடுத்தார். பச்சை நிறம், ஒரு ஆள் நீளம். வாரத்துக்கு இரண்டு நாள் இழுக்கச் சொன்னார். நேற்று மாடிப்படிக்குக் கீழே பழைய செய்தித்தாள் கட்டு ஒன்று பார்த்தேன். நன்றாக இறுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டிருந்தது, அந்தப் பச்சைப் பட்டையால்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாள் கட்டைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.